மலைக்குக் கூட்டிட்டுப் போற நாயை யார் திரும்பக் கூட்டிட்டு வாறது?



டிசம்பர் மாதப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை சீசன் ஆரம்பிச்சிடும். பிறகு மே மாதம் வெசாக் பௌர்ணமி வரைக்கும் மஸ்கெலியா ரோட்டில பஸ்ஸுக்குப் பின்னால பஸ்தான். நம்ம பாடசாலையிலயும் பெரிய வகுப்பு அண்ணன்மார் இப்பவே குழு குழுவாகத் திட்டம் போடுறாங்க. யார் டோர்ச் கொண்டு வாறது, யார் வீட்டில ரொட்டி சுடுறது என்று ஒரே பேச்சு. அந்தப் பேச்சுக்கு நடுவில ஒருத்தர், "லயத்து நாயையும் கூட்டிட்டுப் போவோம், ஜாலியா இருக்கும்" என்றார். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சரி என்றாங்க. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் நாய்க்கு எதிரி இல்லை. நாய் இல்லாத லயம் எங்கே இருக்கு? மனிதன் மலை ஏறும்போது நாய் பின்னால போறதும் புதுசு இல்லை. மகாபாரதத்தின் கடைசியில பாண்டவர்கள் வடக்கே நடக்கும்போது ஒரு நாய் கூடவே நடக்கிறது. தருமர் அதைக் கூப்பிடவில்லை, அதுவாகத்தான் வந்தது. ஆனாலும் இந்திரன் தேரோடு வந்து "நாயை விட்டுட்டு ஏறு" என்று சொன்னபோது அவர் ஏற மறுத்தார். பரீட்சைக்கு இந்தக் கதையைப் பாடமாக்கி எழுதும் நம்மில எத்தனை பேர், திரும்பி வரும்போது நாய் பின்னால வருதா என்று ஒரு தடவையாவது பார்க்கிறோம்?

நல்லதண்ணியில இருந்து உச்சிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். படி மட்டும் 5,000-க்கு மேல. உச்சியின் உயரம் 2,243 மீட்டர். நாம் ஸ்வெட்டர், தொப்பி, மப்ளர் எல்லாம் சுத்திக்கிட்டு ராத்திரியில ஏறுவோம். குளிர் கூடினால் வழிக்கடையில உட்கார்ந்து பிளேன்டீ குடிப்போம். பனியில நனைஞ்ச நாய் அந்தக் கடை வாசலிலேயே நடுங்கிக்கிட்டு நிற்கும். இறங்கும்போது இதுக்கு நேர்மாறு. சூரியன் ஏறியதும் படிக்கல் சுட ஆரம்பிக்கும். நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்கும், பாதத்தில மட்டும் கொஞ்சம் வேர்க்கும். தண்ணி போத்தல் கொண்டு போகிற நாம் அதுக்கு எதில தண்ணி ஊத்துவோம் என்று யோசிப்பதில்லை. அது ஓடைத் தண்ணியில வாய் வைக்கும், அட்டை மூக்குக்குள்ளேயே ஏறிடும். நம்ம காலில அட்டை ஏறினால் உப்பு, எலுமிச்சங்காய் என்று ஊரைக் கூட்டுவோம். நாயின் மூக்குக்குள்ள இருக்கிறதை யார் பார்க்கிறது?

சரி, கஷ்டப்பட்டாவது ஏறி இறங்கிடுது என்று வையுங்கள். எல்லா நாயும் இறங்குவதில்லை. அதுதான் என் பெரிய கவலை. வழிநெடுக பிஸ்கட் போடுறோம், மேலே போனதும் படம் எடுக்கிறோம், கீழே வரும்போது கால் வலியில யாருக்கும் நாய் ஞாபகம் வராது. போன வருஷம் எங்க லயத்தில இருந்து ஒரு குழுவோடு போன நாய் ஜிம்மி திரும்பி வரவேயில்லை. கேட்டால், "அது அங்கேயே செட்டாகிட்டுது, கடைக்காரங்க சோறு போடுறாங்க" என்று பதில். பக்கத்து வீட்டுத் தாத்தா ரெண்டு தடவை நல்லதண்ணி வரைக்கும் போய்த் தேடிட்டு வந்தார். போனவங்க ஒருத்தரும் அவரோட போகவில்லை.

கடைக்காரங்க சோறு போடுறது உண்மைதான், சீசன் முடியும் வரைக்கும். வெசாக் கழிஞ்சதும் பெரும்பாலான கடைகள் மூடிடும். மழை, காற்று, முகில். ஆள் போக்குவரத்து குறைஞ்சிடும். ஆறு மாதம் மனிதர் கையில சாப்பிட்டுப் பழகின நாய் அதுக்குப் பிறகு என்ன செய்யும்? பட்டினி கிடக்கும், இல்லாட்டி காட்டுக்குள்ள இறங்கி வேட்டையாடும். அந்தக் காடு சாதாரணக் காடு இல்லை. 1940-ல சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010-ல ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடரோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில இடம் பிடிச்சது. உலகத்தில வேறெங்கும் இல்லாத தவளை, பல்லி, பறவை எல்லாம் அங்கே இருக்கு. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு இது. அந்தச் சின்ன உயிர்கள் இங்கே அழிஞ்சால் வேற நாட்டில இருந்து கொண்டு வர முடியாது. ஹோட்டன் சமவெளி மாதிரி தேசியப் பூங்காவுக்குள்ள நாயைக் கொண்டுபோக விடமாட்டாங்க. அது கெடுபிடி என்று சிலர் திட்டுறாங்க. நான் அதைச் சரி என்றே சொல்வேன்.

நோயும் இருக்கு. நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் காட்டு மிருகத்துக்கும் தொற்றும். 1994-ல ஆபிரிக்காவின் செரங்கெட்டியில அந்த நோயால ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் செத்துப்போச்சு. நம்ம மலையில சிங்கம் இல்லை, ஆனால் சிறுத்தை இருக்கு.

சிறுத்தை என்றதும் ஒரு அண்ணன் சொன்ன வாதம் ஞாபகம் வருது. "நாய் கூட வந்தால் சிறுத்தை கிட்ட வராது, நமக்குப் பாதுகாப்பு" என்றார். தேயிலைத் தோட்டத்தில இருக்கிற நமக்கே இது தெரியாவிட்டால் எப்படி? லயத்துக்கு வாற சிறுத்தை எதைத் தூக்கிட்டுப் போகுது? நாயைத்தானே! அது நாயை விரும்பிச் சாப்பிடும். சிறுத்தையைக் கண்டு பயந்த நாய் எங்கே ஓடி வரும்? உங்க காலடிக்குத்தான். அதுக்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

இன்னொரு ஆபத்து கம்பிச் சுருக்கு. காட்டுப்பன்றிக்கு என்று தோட்ட ஓரங்களில கட்டுறாங்க. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில ஒரு கருஞ்சிறுத்தை அதில மாட்டி, காப்பாத்திக் கொண்டுபோயும் சில நாளில செத்துப்போனது பத்திரிகையில எல்லாம் வந்தது. அவ்வளவு பலமான மிருகத்துக்கே அந்தக் கதி. கயிறு இல்லாமல் புதருக்குள்ள மோப்பம் பிடிச்சு ஓடுற நாய்க்கு?

"அது கட்டாக்காலி நாய், அதுவாகத்தான் பின்னால வருது, நாங்க என்ன செய்ய?" என்றும் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனால் அதுவாக வாற நாய் எத்தனை தூரம் வரும்? நாலு படி வரும், திரும்பிடும். ஐந்தாவது படியில பிஸ்கட் போட்டு "வா வா" என்று கூப்பிட்டது யார்? போட்டவங்க அதைக் கீழே கொண்டு வரணும். கொண்டு வர முடியாதென்றால் போடக்கூடாது. இதில நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுகிறேன், பரவாயில்லை.

அப்படியென்றால் நாயோடு நடக்கவே கூடாதா? நடக்கலாம், அதுக்குத்தானே தோட்டத்து ரோடுகள் இருக்கு. காலையில வெயில் ஏறுமுன் ஃபெக்டரி ரோடு வழியாக மேல்மலை வரைக்கும் போயிட்டு வாங்க. கழுத்துப்பட்டியும் கயிறும் இருக்கட்டும். அதுக்கும் ஒரு சிரட்டையில தண்ணி வையுங்க. சொக்லேட் கொடுக்காதீங்க, அது நாய்க்கு நஞ்சு. வெங்காயமும் அப்படித்தான், வெங்காயம் போட்ட ரொட்டியை அன்பாகப் பிய்ச்சுக் கொடுக்கிறவங்க கவனிங்க. வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரல் இடுக்கு எல்லாம் உண்ணி இருக்கா என்று பாருங்க. அந்தப் பத்து நிமிஷம்தான் நாய்க்கும் பிடிக்கும்.

எல்லாத்துக்கும் முதல் தடுப்பூசி. விசர்நாய்க்கடி வந்து நோய் முற்றினால் மனிதனுக்கும் மருந்து இல்லை. நாய் கடிச்சாலோ பல் கீறினாலோ உடனே ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கிட்டு வீட்டில இருக்கக்கூடாது. வீட்டு நாய்க்கு அரசாங்கமே இலவசமாக ஊசி போடுது. தோட்டத்துக்கு ஊசி போட வாற நாளில நம்ம ஆட்கள் நாயைப் பிடிக்க முடியலை என்று விட்டுடுறாங்க. மலைக்குக் கூட்டிட்டுப் போக மட்டும் பிடிக்க முடியுது!

சீசனுக்குப் போற குழுக்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி: உங்க பட்டியலில நாய் இருந்தால், அதைத் திரும்பக் கூட்டிட்டு வாறவர் பெயரையும் டோர்ச், ரொட்டிக்குப் பக்கத்தில எழுதியிருக்கீங்களா? என் கருத்து பிழை என்று நினைக்கிறவங்க ஒரு தாளில எழுதி நூலகத்துப் பெட்டியில போடுங்க. இதுக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்கிறேன்.

– தரம் 10 மாணவி