மாட்டத் தெரிந்தால் போதுமா?

அமெரிக்க ஜனாதிபதி சைக்கிளில் இருந்து விழுந்தார்!

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் 18-ந் தேதி உலகம் எங்கும் பரவிய செய்தி இது. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ஜோ பைடன். வயது 79. டெலாவேர் மாநிலத்தில் ரெகோபோத் என்ற கடற்கரை ஊரில் அவருக்கு ஒரு வீடு உண்டு. அன்று காலையில் அங்கே மனைவியோடு சைக்கிள் ஓட்டி வந்தார். வழியில் ஜனங்கள் கூடி நின்றார்கள். அவர்களோடு பேசுவதற்காகச் சைக்கிளை நிறுத்தினார். நிறுத்தியவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டார்.

நல்ல வேளை, பெரிய காயம் எதுவும் இல்லை. எழுந்ததும், "கால் மாட்டிக்கொண்டது" என்று காரணத்தை அவரே சொன்னார். அவருடைய பெடலில் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் கூண்டு போன்ற ஒரு பிடி இருந்தது. சுற்றிலும் மெய்க்காவலர்கள் இருந்தார்கள். ஆனால் பெடலில் மாட்டிய காலை எந்த மெய்க்காவலரால் சமயத்தில் எடுத்துவிட முடியும்?

ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டும்போது அவர் விழவில்லை. நிறுத்தும்போதுதான் விழுந்தார்!

பூட்டுப் பெடல்

ஜனாதிபதியின் பெடலில் இருந்தது பழைய கூண்டு. இப்போது அதைவிடக் கெட்டியான ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. அதில் பூட்ஸையே பெடலோடு பூட்டிவிடுகிறார்கள். நம் ஊர்க் கடைகளிலும் இது கிடைக்கிறது. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாருங்கள். வரிசையாக மகாபலிபுரம் நோக்கிப் பறக்கும் சைக்கிள்காரர்களில் பலருடைய கால்கள் இப்படிப் பூட்டப்பட்டிருக்கும்.

பூட்ஸின் அடியில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதற்குக் 'கிளீட்' என்று பெயர். பெடலில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். மேலிருந்து மிதித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் விடுபடும். மேலே தூக்கினாலும் வராது. பின்னால் இழுத்தாலும் வராது. திருப்பத்தான் வேண்டும்.

பனியில் பிறந்தது

பந்தயக்காரர்கள் முன்பெல்லாம் காலைப் பெடலில் தோல் வாரால் கட்டிக்கொள்வார்கள். இறங்க வேண்டுமானால் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் இத்தாலியில் சினெல்லி என்பவர் ஒரு பூட்டுப் பெடல் செய்தார். அதிலும் கையை விட்டு ஒரு நெம்புகோலைத் தள்ளினால்தான் கால் விடுபடும். அவசரத்துக்கு ஆகுமா? 'மரணப் பூட்டு' என்றே அதற்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்!

பிரான்சு நாட்டு 'லுக்' கம்பெனி பனிச்சறுக்குக் கட்டைகளில் பூட்ஸைப் பூட்டும் கருவி செய்து வந்தது. சறுக்குகிறவன் விழுந்தால் பூட்டு தானாகத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் முறிந்துவிடும். அந்த வித்தையை 1984-ல் அந்தக் கம்பெனி சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பெர்னார் இனோ என்ற வீரர் அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்றார். அது 4 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம்! அப்புறம் கேட்க வேண்டுமா? பந்தயக்காரர்கள் எல்லோரும் அதற்கு மாறினார்கள். 1990-ல் ஜப்பானின் 'ஷிமானோ' கம்பெனி, பூட்ஸின் அடியில் குழிக்குள் அடங்கும் சிறிய தகட்டைக் கொண்டுவந்தது. அதை மாட்டிக்கொண்டு இறங்கி நடக்கவும் முடியும்.

ஆக, இது கொல்வதற்கு வந்த பொருள் அல்ல. காலை விடுவிப்பதற்கென்றே யோசித்துச் செய்த பொருள். அப்படியானால் ஏன் விழுகிறார்கள்?

பழக்கத்தின் பிழை

நாம் சைக்கிள் கற்றுக்கொண்ட நாளை நினைத்துப் பாருங்கள். வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்தோம். சைக்கிள் சாய்ந்தால் உடனே காலை ஊன்றினோம். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உடம்பே கற்றுக்கொண்டது. பிறகு எத்தனை வயதானாலும் சைக்கிள் நின்றால் கால் தானாகத் தரையைத் தேடும்.

பூட்டுப் பெடலில் அந்தப் பழக்கம்தான் எதிரி. கால் நேராகக் கீழே போகப் பார்க்கிறது. பூட்டு விடவில்லை. ஓடுகிற சைக்கிள் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். நின்ற சைக்கிள் நிற்குமா? அடி மரம் வெட்டியதுபோல் சாயும்.

என் நண்பர் ஒருவர் புதுப் பெடல் வாங்கினார். 20 கிலோ மீட்டர் ஓட்டியும் ஒரு தொல்லை இல்லை. திரும்பி வரும்போது சிக்னலில் சிவப்பு விளக்கு. நின்றார். சாய்ந்தார். வலது பக்கமாக நடுரோட்டில் விழுந்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிரேக் போட்டதால் உயிர் பிழைத்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டோடு இருந்தார். ஆட்டோவுக்குப் பதில் லாரி வந்திருந்தால்?

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். "ஆரம்பத்தில் எல்லோரும் ஒரு தடவை விழத்தான் செய்வார்கள்" என்கிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. புல்தரையில் விழுந்தால் சிரிக்கலாம். பஸ்சுக்கு முன்னால் விழுந்தால் யார் சிரிப்பது? வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அந்தக் குடும்பமே அல்லவா படுத்துவிடும்!

யாருக்குத் தேவை?

பந்தயம் ஓடுகிறவருக்கு இந்தப் பெடல் உதவும். வேகமாக மிதிக்கும்போது கால் நழுவாது. கரடு முரடான பாதையில் பாதம் துள்ளாது. தினமும் நெடுந்தூரம் போகிறவர்களும் இதை விரும்புகிறார்கள். அது நியாயம்தான்.

ஆனால் ஆபீசுக்குப் போகிறவருக்கு இது எதற்கு? ஒரு மைலில் பத்து இடத்தில் நிற்கிறோம். மாடு குறுக்கே வருகிறது. ஷேர் ஆட்டோ சட்டென்று முன்னால் நிற்கிறது. அங்கே வேண்டியது பூட்டிய கால் அல்ல, ஊன்றத் தயாராக இருக்கும் கால். பள்ளிக்கூடத்துப் பையன் கேட்கிறான் என்பதற்காகப் பெற்றோர் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். சாதாரணப் பெடலே போதும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பெடலை விற்கும்போது பத்து நிமிடம் செலவிடுங்கள். வாங்குகிறவரைச் சைக்கிளில் உட்கார வைத்து, காலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுக்கத் தெரிந்த பிறகு பில் போடுங்கள். துப்பாக்கி விற்றால் மட்டும்தானா பொறுப்பு?

வாங்கியவர்கள் கவனிக்க

முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்காருங்கள். ஒவ்வொரு காலையும் ஐம்பது தடவை பூட்டித் திறந்து பழகுங்கள். பிறகு புல்தரையில் ஓட்டிப் பழகுங்கள். ரோடு அப்புறம்தான்.

பெடலில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். ஸ்பிரிங்கின் பிடியைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான். புதியவர்கள் அதை நன்றாகத் தளர்த்தி வையுங்கள்.

நிற்பதற்கு 20, 30 அடிக்கு முன்பே காலைத் திருப்பி எடுத்துவிடுங்கள். நம் நாட்டில் இடது காலை எடுப்பதே நல்லது. அந்தப் பக்கம்தான் ரோட்டின் ஓரம். உடம்பையும் இடது பக்கமே சாயுங்கள். ஒரு காலை எடுத்துவிட்டு மறுபக்கம் சாய்ந்தால் விழுவது நிச்சயம்.

பூட்ஸின் அடியில் உள்ள திருகாணிகளை அடிக்கடி முடுக்குங்கள். ஒன்று கழன்றாலும் பூட்ஸ் திரும்பும், தகடு திரும்பாது. கால் வெளியே வராது. தேய்ந்த தகட்டை மாற்றுங்கள். சேறு படிந்தால் கழுவுங்கள்.

எல்லாம் மீறி விழுந்தால், கையை நீட்டி ஊன்றாதீர்கள். நீட்டிய கைதான் மணிக்கட்டையும் காறை எலும்பையும் முறிக்கிறது. ஹெல்மெட் எப்போதும் தலையில் இருக்கட்டும்.

அபிமன்யு கதை நமக்கெல்லாம் தெரியும். சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்த வீரன் அவன். வெளியே வரத் தெரியவில்லை. வீரத்தில் அவனுக்குக் குறைவு உண்டா? இல்லை. பாதிப் பாடம்தான் அவனைக் கொன்றது.

பெடலிலும் அதுதான் கதை. காலை மாட்டுவது ஒரு நொடி வேலை. அதற்கு முன்பே எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்!