உறுதி மட்டும் போதுமா?

ஊரிலுள்ள தோட்டக் காணியை விற்று, கடல் கடந்து சென்ற பிள்ளைகள் அனுப்பிய பணத்தையும் சேர்த்து, கொழும்பிலே ஒரு தொடர்மாடி வீடு வாங்குவது நம்மவரிடையே பெருவழக்காகிவிட்டது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெகிவளை ஆகிய இடங்களில் எழுந்து நிற்கும் மாடிகளுட் பலவற்றில் நம் மக்களின் வாழ்நாள் உழைப்பு கல்லாகவும் சீமெந்தாகவும் உறைந்து கிடக்கின்றது. பெண்ணுக்குச் சீதனமாக வெள்ளவத்தையில் ஒரு வீடு எனப் பேசும் காலம் இது. ஆனால், இத்தகைய பெருந்தொகையைக் கொடுப்பதற்கு முன் வாங்குவோர் கேட்கும் கேள்விகள் எவை? அறைகள் எத்தனை? கடற்காற்று வருமா? கோயிலுக்கு எவ்வளவு தூரம்? சற்று விவரமறிந்தோர், “உறுதி சுத்தமா?” என்று கேட்பர். அத்துடன் விசாரணை முடிந்துவிடுகின்றது.

உறுதி என்பது காணி யாருடையது என்பதைக் கூறும். அக்காணியில் எதைக் கட்டலாம், எத்தனை மாடி எழுப்பலாம் என்பதை அது கூறாது. பிரசித்த நொத்தாரிசு காணிப் பதிவகத்தின் ஏடுகளைப் புரட்டி, முப்பது ஆண்டு உரிமைத் தொடரைக் காட்டினாலும், கட்டடம் சட்டப்படி எழுந்ததா என்ற கேள்வி எஞ்சியே நிற்கும். சோலைவரிப் பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டி, “மாநகர சபையே வரி வாங்குகின்றது, இனி என்ன அனுமதி?” என வாதிடும் விற்பனையாளரும் உளர். வரி அறவிடுவது வேறு, அனுமதி அளிப்பது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஏமாந்தோரிற் படித்தவர்களும் அடங்குவர் என்பதே நம்மை வருத்துகின்றது.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில் அனுமதிப் பத்திரமின்றி எவரும் அபிவிருத்தி வேலை எதனையும் செய்தலாகாது. கட்டுவது மாத்திரமன்று, ஒரு கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் இதனுள் அடங்கும். தனி வீட்டுக்கென அனுமதி பெற்ற மனையைப் பிரித்துப் பல குடும்பங்களுக்கு விற்பதும், வாகனத் தரிப்பிடமாகக் காட்டிய கீழ்த்தளத்தைக் கடைகளாக்குவதும், நான்கு மாடிக்கு அனுமதி பெற்று ஐந்தாவதை எழுப்புவதும் சட்டத்தின் முன் ஒரே இனக் குற்றங்களே. கட்டி முடிந்தபின், அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என உறுதிப்படுத்தும் அமைவுச் சான்றிதழ் வழங்கப்படல் வேண்டும். மீறிய கட்டடத்தை அகற்றுமாறு நீதவான் நீதிமன்றில் ஆணை பெறவும் அதிகார சபைக்கு இடமுண்டு. அவ்வாணை வருங்காலத்தில் கட்டியவர் இலாபத்துடன் போய்விட்டிருப்பார். ஐந்தாம் மாடியில் இருப்பது நம்மவர் குடும்பமாகவே இருக்கும். 2017 மே மாதம் வெள்ளவத்தையில் ஒரு கட்டடம் இடிந்து வீழ்ந்த பின்னரே அனுமதிகளைப் பற்றிய பேச்சு ஊரெங்கும் எழுந்தது.

நிலத்தின் தன்மையும் ஆராயத்தக்கது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கு மேற்கே வாங்குவோர், உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்புறமாக 300 மீற்றர் வரையுள்ள நிலம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கரையோர வலயமாகும் என்பதை அறிதல் வேண்டும். அங்கே கரையோரம் பேணும் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. கிழக்கே சென்றால் வாய்க்காலும் சதுப்பும் தாழ்நிலமும். வயலாயிருந்த நிலமாயின், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி அதனை நிரப்பியிருத்தலாகாது. 2010லும் 2016லும் தலைநகரையும் சுற்றுப்புறங்களையும் வெள்ளம் சூழ்ந்ததைக் கண்டோருக்கு, தாழ்நிலம் நீரை வைத்திருக்கும் பாத்திரம் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, தொடர்மாடி வீட்டுக்குத் தனி உறுதி பிறப்பது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கூட்டாதன வரைபடம் பதிவானால் மாத்திரமே. அப்பதிவின்றி வாங்குவோர் பெறுவது பெரும்பாலும் காணியில் ஒரு பிரிபடாப் பங்கு. இன்னின்ன மாடியில் இன்ன வீடு எனக்கே உரியது எனச் சொல்ல அதில் இடமில்லை. அத்தகைய ஆவணத்தை ஈடு வைத்து வங்கியிற் கடன் பெற முயன்று பாருங்கள், அதன் பெறுமதி உடனே தெரியும்.

ஆதலால் முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே அனுமதிப் பத்திரத்தின் இலக்கத்தையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். விற்பவர் தரும் பிரதியை நம்பாது, மாநகர சபையிலும் அதிகார சபையிலும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிலும் நேரிற் சென்று ஒப்பிடுங்கள். மாடிகளை எண்ணிப் பாருங்கள். இதற்குப் பொறியியலறிவு வேண்டியதில்லை. அமைவுச் சான்றிதழும் கூட்டாதனப் பதிவும் கிடைக்கும்வரை பணத்தின் ஒரு கணிசமான பகுதியை நிறுத்திவைக்க உடன்படிக்கையில் இடம் வையுங்கள். அலுவலகத்தில் மறைத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைவசமுண்டு: பதினான்கு வேலை நாட்களுள் தீர்மானம் அறிவித்தல் வேண்டும். நம்மிடையே வழக்கறிஞருக்கோ நில அளவையாளருக்கோ பஞ்சமில்லை. தங்கள் ஊரவருக்காக ஒரு பிற்பகலைச் செலவிட அவர்கள் பின்னிற்கலாகாது.

இங்கே மொழிப் பிரச்சினையும் குறுக்கிடுகின்றது. வலய வரைபடமும் அனுமதி நிபந்தனைகளும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் வந்து சேர, கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவர் தரகர் வாயாற் கேட்டதையே வேதவாக்காகக் கொள்ள நேர்கின்றது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தமோ, சட்டப்படி பார்வையிட உரிமையுள்ள அரசாங்கப் பதிவின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழிற் பெறும் உரிமையைக் கொழும்பிலுள்ளோருக்கும் வழங்குகின்றது. ஏட்டில் உள்ள இவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவோர் மிகச் சிலரே. எழுத்து மூலம் கேளுங்கள். மறுக்கப்படின் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள்.

கொழும்பில் வாங்குவோருக்குக் கூறிய இதனை வடக்கில் விற்போருக்கும் கூறவேண்டியுள்ளது. வயலை மண்ணிட்டு நிரப்பிப் பத்துப் பேர்ச்சஸ் துண்டுகளாக்கி விற்கும் முயற்சி நம் பகுதிகளிலும் தலைகாட்டுகின்றது. நிரப்பியவரின் அயல் வயல்காரருக்கு மாரியில் நீர் வடிய வழியில்லை. துண்டு வாங்கியவருக்குக் கட்டட அனுமதி கிடைக்கும் என்ற நிச்சயமுமில்லை. கமக்காரர் அமைப்புகள் இத்தகைய நிரப்புதலைக் கண்டவுடன் கமநல சேவை நிலையத்துக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் தாம் வழங்கிய கட்டட அனுமதிகளையும் நிராகரித்தவற்றையும் மாதந்தோறும் தமிழிற் பட்டியலிட்டு அலுவலக வாயிலில் ஒட்டிவைத்தல் வேண்டும் எனக் கோருகின்றோம். இதற்குப் புதிய சட்டமோ பெருஞ் செலவோ தேவையில்லை. அடுத்த மாதமே தொடங்கலாம்.