சும்மா நிற்கும் சொகுசுப் படகுக்கு மாதம் ரூ.5 கோடி செலவு... உள்ளே அப்படி என்னதான் ஓடுகிறது?

விருந்தினர் ஒருவர்கூட இல்லை. பயணமும் இல்லை. ஆனாலும் அமெரிக்காவின் சான் டியாகோவில் நிறுத்தி வைக்கப்பட்ட 'அமாடியா' என்ற சொகுசுப் படகுக்கு மாதம் சுமார் 6 லட்சம் டாலர் செலவாகிறது என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசே நீதிமன்றத்தில் கணக்குக் காட்டியது. அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய ரூ.5 கோடி!

இதில் பணியாளர்களின் சம்பளம் மட்டும் 3.6 லட்சம் டாலர். எரிபொருளுக்கு 75 ஆயிரம் டாலர். பராமரிப்பு, கழிவு அகற்றல், பணியாளர்களின் சாப்பாடு உள்ளிட்டவற்றுக்கு 1.65 லட்சம் டாலர். இன்சூரன்ஸ் தனி. அதற்கு மாதம் சுமார் 1.44 லட்சம் டாலர்.

நிற்கிற படகுக்கு எதற்கு இத்தனை ஆட்கள்? அவர்கள் எங்கே தங்குகிறார்கள்? உரிமையாளர் கைவிட்டால் அவர்கள் கதி என்ன? பார்க்கலாம்.

யாருடைய படகு இது?

ஜெர்மனியின் லூர்சன் நிறுவனம் கட்டிய அமாடியாவின் நீளம் 106 மீட்டர். மதிப்பு 30 கோடி டாலருக்கு மேல் என்று சொல்லப்பட்டது. ரஷ்யா - உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 2022 மே மாதம் அமெரிக்கா கேட்டுக்கொண்டதன்பேரில் ஃபிஜி தீவில் இது பறிமுதல் செய்யப்பட்டது. ரஷ்யத் தொழிலதிபர் சுலைமான் கெரிமோவுக்குச் சொந்தமானது என்பது அமெரிக்காவின் வாதம். இல்லை, படகு என்னுடையது என்று எட்வார்ட் குதைனாதோவ் என்ற இன்னொரு ரஷ்யர் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் நியூயார்க் நீதிமன்றத்தில் தீர்ப்பு அமெரிக்க அரசுக்குச் சாதகமாக வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் படகு ஏலத்துக்கு வந்தது.

ஹெலிபேட், நீச்சல் குளம், லிஃப்ட், ஜிம், ஸ்பா எல்லாம் உண்டு. ஆனால் கவனிக்க வேண்டிய எண்கள் வேறு. விருந்தினர் 16 பேர். பணியாளர்கள் 36 பேர். அதாவது ஒரு விருந்தினருக்கு இரண்டு பேருக்கும் மேல்!

நிற்கும் படகில் என்ன ஓடுகிறது?

காரை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. படகு அப்படி இல்லை. இந்த அளவுள்ள யாட் ஒரு குட்டி ஊர் மாதிரி. மின்சாரம், தண்ணீர், கழிவு எல்லாம் உள்ளேயே.

* ஜெனரேட்டர்: கரையிலிருந்து மின் இணைப்பு கிடைக்காத இடத்தில் இரவு பகலாக ஓட வேண்டும்.
* ஏ.சி: இது ஆடம்பரத்துக்காக மட்டும் இல்லை. கடல் காற்றின் ஈரப்பதம் உள்ளே புகுந்தால் மரவேலை, தோல் இருக்கை, தரைவிரிப்பு எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். ஆள் இல்லாவிட்டாலும் ஏ.சி ஓடித்தான் ஆக வேண்டும்.
* தண்ணீர்: கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் இரண்டும் தொடர்ந்து பராமரிப்பு கேட்பவை.
* ஸ்டெபிலைசர்: அலையில் படகு ஆடாமல் இருக்க, நீருக்கடியில் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள். நங்கூரமிட்டு நிற்கும்போதும் வேலை செய்யும் வகை இப்போது பரவலாக இருக்கிறது.
* அடிப்பகுதி: நின்ற இடத்திலேயே நின்றால் பாசியும் சிப்பியும் ஒட்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உலர்துறையில் ஏற்றிப் பழுது பார்க்க வேண்டும்.

தீ, நீர்க்கசிவு இரண்டையும் 24 மணி நேரமும் ஒருவர் கண்காணிக்க வேண்டும். இதெல்லாம் சரியாக நடந்தால்தான் தகுதிச் சான்றிதழ் நீடிக்கும். அது போனால் இன்சூரன்ஸ் சிக்கலாகும், விற்பனை மதிப்பும் சரியும்.

பணியாளர்கள் எங்கே தங்குகிறார்கள்?

வெளிச்சமான மேல் தளங்கள் விருந்தினருக்கு. பணியாளர்களின் அறைகள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில், படகின் முன்பக்கமாக இருக்கும். அலை வந்தால் அதிகம் தூக்கிப்போடும் இடமும் அதுதான். வட்டமான சின்ன ஜன்னல், மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, ஒட்டியே குளியலறை. இதுதான் பொதுவான அமைப்பு.

விருந்தினர் கண்ணில் படாமல் வேலை நடக்கத் தனிப் படிக்கட்டு, தனி நடைபாதை. சமையல், துணி துவைப்பு எல்லாம் அந்தப் பின்பாதையில்தான். பெரிய சம்பளம் பெறும் கேப்டன், தலைமைப் பொறியாளர் ஆகியோருக்குத் தனி அறை கிடைக்கும். மற்றவர்கள் பெரும்பாலும் அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 'கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006'தான் இதில் அடிப்படை. 2013 ஆகஸ்ட் 20 முதல் அமலில் இருக்கிறது. படுக்கை குறைந்தது 198 செ.மீ நீளம், 80 செ.மீ அகலம் இருக்க வேண்டும். மொத்த டன்னேஜ் 3,000-க்குக் குறைவான கப்பலில் இருவர் பகிரும் அறைக்கு 7 சதுர மீட்டர், அதாவது சுமார் 75 சதுர அடி. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு.

ஆனால் யாட்களில் இவ்வளவு இடம் ஒதுக்க முடியாது என்று படகு கட்டும் துறை வாதாடியது. அதனால் பிரிட்டன் போன்ற நாடுகள் யாட்களுக்கென மாற்று விதிகளை வகுத்தன. இன்னொரு ஓட்டையும் உண்டு. வணிகத்தில் ஈடுபடும் கப்பல்களுக்குத்தான் இந்த உடன்படிக்கை. வாடகைக்கு விடாமல், உரிமையாளர் சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருக்கும் யாட் இதற்குள் வராமல் போகலாம்.

உரிமையாளர் கைவிட்டால்?

2017 ஜனவரி 18 முதல் அமலான திருத்தம் இதற்காகவே வந்தது. குறைந்தது 2 மாதச் சம்பளம் வராவிட்டால் அந்த மாலுமி 'கைவிடப்பட்டவர்'. அவருக்குச் சாப்பாடு, தண்ணீர், மருத்துவம், ஊர் திரும்பும் செலவு, கூடவே அதிகபட்சம் 4 மாதச் சம்பள பாக்கி ஆகியவற்றைக் காப்பீடு தர வேண்டும். அதற்கு மேல் பாக்கி இருந்தால்? வழக்குத்தான்.

2022-ல் நடந்ததைப் பாருங்கள். 156 மீட்டர் நீளமுள்ள 'தில்பார்' யாட் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நின்றிருந்தது. தடைகளால் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போக, அதன் 96 பணியாளர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாக ஃபோர்ப்ஸ் செய்தி வெளியிட்டது. தடை யார் மீதோ, வேலை போனது இவர்களுக்கு.

கரீபியன் நாடான ஆன்டிகுவாவில் 'ஆல்ஃபா நெரோ' கதை இன்னும் சுவாரஸ்யம். நீச்சல் குளத்தின் தரையை உயர்த்தினால் ஹெலிபேட் ஆகிவிடும் படகு அது. முதலில் உரிமை கோர யாரும் முன்வரவில்லை. துறைமுகத்துக்கே ஆபத்து என்று சொல்லி அரசே பராமரிப்பை ஏற்று, ஏலம் விட்டது. 2023-ல் கூகுளின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி எரிக் ஷ்மிட் 6.76 கோடி டாலருக்கு ஏலம் எடுத்துப் பின்வாங்கினார். கடைசியில் 2024-ல் 4 கோடி டாலருக்குத்தான் விலைபோனது. சும்மா நின்றதற்கு இப்படி ஒரு விலை!

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

யாட் மட்டும் இல்லை, சரக்குக் கப்பல்களிலும் இதே நிலைமைதான். 2024-ல் உலகம் முழுக்க 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டதாக சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்கிட்டது. அதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்தியர்கள், 899 பேர்.

கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கப்பல் எந்த நாட்டுக் கொடியில் பதிவானது? கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதற்குப் பொருந்துமா? கைவிடப்பட்டால் பணம் தரும் காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் இருக்கிறதா? அந்தச் சான்றிதழை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் விதி. காட்டத் தயங்கினால், கையெழுத்துப் போட நீங்களும் தயங்கலாம்.