உள்ளங்கையில் ஒரு பள்ளிவாசல்!

சின்னஞ்சிறு தபால் தலை அது. அதற்குள் ஒரு பள்ளிவாசல்! குவிமாடம் தெரிகிறது. வானத்தைத் தொடும் மினார் தெரிகிறது. ஓரத்தில் புரியாத பாஷையில் நாலு எழுத்து.

இது எந்த ஊர்? யார் கட்டியது? இதை ஏன் தபால் தலையில் போட்டார்கள்?

முதல் இரண்டு கேள்விகளுக்குப் புத்தகத்தில் பதில் கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விதான் சுவையானது. அதற்குள் சண்டை இருக்கிறது. அரசியல் இருக்கிறது. கோர்ட்டு வழக்குகூட இருக்கிறது!

குப்பையில் போடக் கூடாது

கோவை உக்கடத்தில் இந்தச் சேகரிப்பு எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். என் சின்ன வயதில் அங்கேதான் அது எனக்கும் தொடங்கியது.

அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் மகன் சவுதி அரேபியாவில் வேலை பார்த்தார். மாதம் ஒரு கடிதம் வரும். உறையில் காபாவின் படம் போட்ட தபால் தலை ஒட்டியிருக்கும். பெரியம்மா கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தபால் தலை இருக்கும் மூலையை மட்டும் கவனமாக வெட்டுவார்.

"இந்தா கண்ணு, இதைக் குப்பையில போடக் கூடாது. நீ பத்திரமா வெச்சுக்கோ" என்பார்.

அவருக்கு அது ஸ்டாம்பு அல்ல, புனிதமான படம். எனக்கு அது வெளிநாட்டு ஸ்டாம்பு! இரண்டு பேருக்கும் லாபம். பழைய கணக்கு நோட்டு ஒன்றில் ஒட்டி வைத்தேன். பசை போட்டு ஒட்டியது எவ்வளவு பெரிய தவறு என்று பின்னால்தான் தெரிந்தது.

இப்போது அந்தக் கடிதங்கள் இல்லை. மகன் செல்போனில் முகம் காட்டிப் பேசுகிறார். பேசுவது நல்லதுதான். ஆனால் செல்போனிலிருந்து தபால் தலையை வெட்டி எடுக்க முடியாதே!

உக்கடத்தில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் இதே கதை. டென்மார்க் தேசத்தின் தபால் நிறுவனம் 2025 டிசம்பர் 30-ந் தேதியோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. 1624-ல் தொடங்கிய தபால் சேவை அது! நானூறு ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் முடிந்தது. கடிதம் வேண்டுமென்றால் தனியார் கம்பெனியிடம் போக வேண்டும். நம் நாட்டில் 2025-ல் ரிஜிஸ்தர் தபால் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டது.

ஆகவே, வீட்டுப் பரணில் பழைய உறைகள் இருந்தால் இந்த வாரமே இறக்கிப் பாருங்கள்.

ஊர் திரும்பி வந்தது!

பள்ளிவாசல் படம் போட்ட பழைய தபால் தலைகளில் ஒன்று துருக்கி நாட்டுடையது. ஆண்டு 1913.

துருக்கிக்கும் பல்கேரியாவுக்கும் சண்டை. எதிர்னே என்ற ஊரை பல்கேரியப் படை பல மாதம் முற்றுகை போட்டு, மார்ச் மாதம் பிடித்துக்கொண்டது. ஜூலையில் துருக்கியர் அதைத் திரும்பப் பிடித்தார்கள். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? அக்டோபரில் ஒரு தபால் தலை வெளியிட்டார்கள். படம்: எதிர்னேயில் உள்ள செலிமியே பள்ளிவாசல். சினான் என்ற மாபெரும் கட்டடக் கலைஞர் கட்டியது அது.

"ஊர் எங்கள் கைக்கு வந்துவிட்டது" என்று ஒவ்வொரு கடிதத்தின் மேலும் எழுதியது போல ஆயிற்று. பத்திரிகை படிக்காதவனுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

மூன்று ஆண்டு கழித்து அதே துருக்கிக்கு எதிராக இந்த வித்தை திரும்பியது. 1916-ல் மக்கா இருக்கும் ஹிஜாஸ் பகுதியின் ஷெரீப் உசேன் துருக்கி சுல்தானை எதிர்த்துக் கிளம்பினார். கலகம் எதுவும் நடக்கவில்லை என்று துருக்கி தரப்பு சாதித்தது. கலகம் நடப்பதை உலகத்துக்கு எப்படிக் காட்டுவது? தனி தபால் தலை அச்சடிக்க முடிவாயிற்று! அவருக்கு உதவிய பிரிட்டிஷ்காரர்கள் கெய்ரோ நகரில் அந்த வேலையைச் செய்தார்கள். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பின்னால் புகழ் பெற்றவரும் அதில் ஒருவர்.

மன்னர் முகத்தைப் போடவில்லை. உருவப் படம் கூடாது என்பது அங்கே உள்ள எண்ணம். எகிப்தின் பழைய பள்ளிவாசல்களில் உள்ள அலங்கார வேலைப்பாடுகளைப் பார்த்து வரைந்தார்கள். பார்த்தால் வெறும் பூ வேலை. உள்ளே ஒரு புரட்சி!

இரண்டு எழுத்துக்கு வழக்கு

1927-ல் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி. நான்கு காட்சிகளைத் தபால் தலையில் போட்டார்கள். யூதர்கள் போற்றும் ராகேல் கல்லறை ஒன்று. ஜெருசலேம் கோட்டை ஒன்று. பாறைக் குவிமாடம் ஒன்று. கலிலேயாக் கடலோரம் திபேரியா ஊரின் பள்ளிவாசல் ஒன்று.

எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்த்தது சர்க்கார். இங்கிலீஷ், அரபு, ஹீப்ரு என்று மூன்று எழுத்திலும் பெயர் போட்டார்கள். ஹீப்ருவில் மட்டும் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு சிறு எழுத்துக்கள். 'இஸ்ரேல் நாடு' என்பதன் சுருக்கம் அவை. முந்தைய தபால் தலைகளிலேயே அவை இருந்தன. அரபுத் தலைவர் ஒருவர் 1925-ல் கோர்ட்டுக்கே போனார். வழக்கு தள்ளுபடியாயிற்று. எழுத்துக்கள் நின்றன. அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை என்பது நாம் தினம் படிக்கிற செய்தி.

இங்கே ஒரு சின்ன விஷயம். தங்க நிறத்தில் ஜொலிக்கிறதே பாறைக் குவிமாடம், அதைத்தான் அல் அக்சா பள்ளிவாசல் என்று பலர் நினைக்கிறார்கள். தொழுகைக்கான அக்சா பள்ளிவாசல் அதே வளாகத்தில், ஈய நிறக் குவிமாடத்தோடு அடக்கமாக இருக்கிறது. அதேபோல, நம் தாஜ்மகாலும் பள்ளிவாசல் அல்ல, கல்லறை. அதன் மேற்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புக் கல் கட்டடம்தான் பள்ளிவாசல். பிஜப்பூர் கோல் கும்பாசும் கல்லறைதான். 1949 ஆகஸ்ட் 15-ல் சுதந்திர இந்தியா வெளியிட்ட 16 தபால் தலைகளில் தாஜ்மகால், கோல் கும்பாஸ், குதுப் மினார் எல்லாம் உண்டு. நோட்டில் ஒட்டும்போது இவற்றுக்குத் தனிப் பக்கம் வையுங்கள்.

தமிழர் போன இடமெல்லாம்

மலேசியா 1965 ஆகஸ்டில் தன் தேசியப் பள்ளிவாசலைத் திறந்தது. அன்றே தபால் தலையும் வெளியிட்டது. வட்டக் குவிமாடம் இல்லை. விரித்த குடை போன்ற கூரை! பழைய பாணியை விட்டுப் புதிய தேசம் புதிய பாணியில் கட்டியது. அந்த மாதம் 9-ந் தேதிதான் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து போயிருந்தது. வீட்டில் பாகப் பிரிவினை நடந்த சூட்டோடு புது மாளிகைக்குப் பால் காய்ச்சியது போல!

பிரிந்த சிங்கப்பூர் என்ன செய்தது? 1978-ல் நான்கு வழிபாட்டு இடங்களைத் தபால் தலையில் போட்டது. ஒரு சீனக் கோவில், ஒரு பள்ளிவாசல், ஓர் ஆர்மீனிய மாதா கோவில், நம் ஸ்ரீ மாரியம்மன் கோவில். 'எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்' என்று சொல்லாமல் சொன்னது.

அந்த மாரியம்மன் கோவில் இருக்கும் சவுத் பிரிட்ஜ் சாலையிலேயே ஜாமிஆ பள்ளிவாசல் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அப்படித்தான். 1801-ல் தொடங்கியது. தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொகிதீன் முன்னின்று கட்டினார். இந்த இரண்டு ஊர்களிலும் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் ஒரு படக் கார்டு அனுப்பச் சொல்லுங்கள்.

இடிந்தாலும் படம் இருக்கும்

தபால் தலை அரசாங்கத்தின் குரல் என்றால், படக் கார்டு வழிப்போக்கனின் கண். பயணி பார்ப்பதை அது பதிந்து வைக்கிறது.

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் ஜென்னே என்று ஓர் ஊர். அங்கே மண்ணாலேயே கட்டிய மாபெரும் பள்ளிவாசல் இருக்கிறது. இப்போது நிற்பது 1907-ல் கட்டியது. அதற்கு முன் எப்படி இருந்தது? 1906-ல் அங்கே போன போர்த்தியே என்ற பிரெஞ்சுக்காரர் இடிந்து கிடந்த பழைய கட்டடத்தைப் படம் பிடித்து, கார்டாக விற்றார். அவருக்கு அது வியாபாரம். இன்று அது சரித்திரச் சான்று!

இராக் நாட்டின் மோசூல் நகரில் நூரி பள்ளிவாசல். 12-ம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் மினார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஊர் ஜனங்கள் அதை 'கூன் முதுகு' என்று செல்லமாகச் சொல்வார்கள். இராக்கின் 10 ஆயிரம் தினார் நோட்டிலேயே அந்த மினார் உண்டு. 2017 ஜூனில் ஐ.எஸ். பயங்கரவாதிகள் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். முஸ்லிம்களின் பேரைச் சொல்லிக்கொண்டு முஸ்லிம்களின் பள்ளிவாசலையே! பிறகு யுனெஸ்கோ முன்னின்று மீண்டும் கட்டியது. கூனைக்கூட நிமிர்த்தாமல் அப்படியே கட்டினார்கள். 2025-ல் திறந்தார்கள். சிரியாவில் அலெப்போ நகர உமையாத் பள்ளிவாசலின் மினார் 1090-ம் ஆண்டு வாக்கில் எழுந்தது. உள்நாட்டுச் சண்டையில் 2013 ஏப்ரலில் விழுந்தது.

இஸ்தான்புல்லின் ஹகியா சோபியா கதை வேறு. மாதா கோவிலாகப் பிறந்தது. 1453-ல் பள்ளிவாசல் ஆயிற்று. 1934-ல் அதைக் காட்சி சாலையாக்க உத்தரவு போட்டார்கள். 2020 ஜூலையில் மறுபடி பள்ளிவாசல். பழைய கார்டையும் புதிய கார்டையும் பக்கத்தில் வைத்தால் கட்டடம் ஒன்றே. அடியில் எழுதியிருக்கும் பெயர்தான் வேறு.

இது காசாகுமா?

பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் ஆகாது.

1960-களில் அஜ்மான், புஜைரா போன்ற சின்ன அரபு நாடுகள் வெளிநாட்டு ஏஜெண்டுகளோடு ஒப்பந்தம் போட்டு, மூட்டை மூட்டையாகத் தபால் தலை அச்சடித்தன. கடிதத்தில் ஒட்ட அல்ல. சேகரிப்பவர் தலையில் கட்ட! வண்ணம் கண்ணைப் பறிக்கும். விலை போகாது. "அபூர்வ ஸ்டாம்பு" என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் ஓடி வந்துவிடுங்கள்.

ஆனால் படிக்கிற பிள்ளைக்கு வேறு வழியில் காசு உண்டு. தபால் இலாகா 2017-ல் 'தீன் தயாள் ஸ்பர்ஷ்' என்ற உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. 6 முதல் 9-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு. தேர்வானால் ஆண்டுக்கு 6 ஆயிரம் ரூபாய்! தபால் தலை பற்றி வினாடி வினா உண்டு. ஒரு கட்டுரை வேலையும் உண்டு. பள்ளியில் தபால் தலை மன்றம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையின் பேரில் தபால் தலைக் கணக்கு இருக்க வேண்டும். கோவை தலைமைத் தபால் ஆபீசில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள்.

சேகரிப்பதற்கு வழி: உறையிலிருந்து உரிக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். தானே கழன்று வரும். வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காய வையுங்கள். பசை தொடக் கூடாது! முத்திரை தெளிவாக இருந்தால் உறையோடு அப்படியே வைத்திருப்பது இன்னும் நல்லது.

நம் ஊர்ப் படம் எங்கே?

உக்கடம் என்றால் வெளியூர்க்காரர் மனதில் என்ன படம் வருகிறது? 1998 பிப்ரவரி 14. கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்த நாள். அதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்த கலவரம். பிறகு 2022 அக்டோபர் 23. கோட்டை ஈசுவரன் கோவில் முன்னால் கார் வெடித்தது. அந்தப் படங்கள் நாடு முழுவதும் பரவின.

அடுத்த மாதமே கோட்டைமேடு ஜமாத்தார் அந்தக் கோவிலுக்கு நேரில் போனார்கள். குருக்களையும் நிர்வாகிகளையும் சந்தித்துப் பேசினார்கள். அந்தப் படம் எத்தனை பேர் நினைவில் இருக்கிறது?

கோட்டைமேட்டுப் பள்ளிவாசல், ஒப்பணக்காரத் தெரு அத்தர் ஜமாத் பள்ளிவாசல், கோட்டை ஈசுவரன் கோவில், பெரியகுளம் – எல்லாம் நடந்து போகும் தூரம்தான். இவற்றின் படக் கார்டு கிடைக்குமா என்று கடை கடையாகத் தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை. ஜென்னே ஊருக்கு 1906-ல் கிடைத்த யோகம் நமக்கு வரவில்லை!

எனக்குத் தோன்றிய வழி இது. பிள்ளைகளே செல்போனில் படம் எடுக்கட்டும். ஸ்டூடியோவில் அச்சுப் போட ஆகும் செலவு கொஞ்சம்தான். பின்னால் விலாசம் எழுதி, தபால் ஆபீசில் எவ்வளவு ஸ்டாம்பு என்று கேட்டு ஒட்டி, பினாங்கு மாமாவுக்கும் சிங்கப்பூர் சித்திக்கும் போடட்டும். "உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் படம் ஒன்று பதிலுக்கு அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

நான் போன மாதம் மூன்று கார்டு போட்டேன். ஒன்றுக்குப் பதில் வந்திருக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். முத்திரை கொஞ்சம் அழுத்தமாக விழுந்து மினாரை மறைத்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.