சரக்கு மோட்டாருக்குப் பெரிய டயர்: லாபமா, நஷ்டமா?

காய்கறி, பழம், தீவனம், உரமூட்டை முதலியவற்றைக் கிராமத்திலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து கிராமத்திற்கும் கொண்டுசெல்லும் வேலையில் பெரும் பகுதியை, முன்பு பாரவண்டி செய்துவந்தது போக, இப்பொழுது ‘பிக்கப்’ என்னும் சிறு சரக்கு மோட்டார் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறிச் சந்தைகளில் இவ்வண்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். சொந்தத்தில் இத்தகைய வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுள் சிலர், தொழிற்சாலையில் பூட்டிக் கொடுத்த டயர்களைக் கழற்றிவிட்டு, அவற்றினும் உயரமும் அகலமும் மிகுந்த டயர்களைப் பூட்டுகின்றனர். வண்டி உயர்ந்து நிற்கும், பள்ளத்தில் அடி தட்டாது, அதிக பாரம் தாங்கும், ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடுவதால் எண்ணெய் மிச்சமாகும் என்பன இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இவற்றுள் முன்னிரண்டில் உண்மை உண்டு. பின்னிரண்டும் தவறு. அத்தவற்றிற்கு உடையவர் மாதந்தோறும் டீசல் கணக்கில் அபராதம் செலுத்தி வருகிறார்.

இவ்வெண்ணம் பிறந்ததற்குப் போதிய காரணம் இல்லாமலில்லை. மாட்டு வண்டியை நன்கறிந்தவர்கள், சக்கரம் உயர்ந்திருந்தால் மாட்டிற்கு இழுப்பு எளிதாகும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள். சிறிய சக்கரம் குழியில் விழுந்து மேட்டில் முட்டும். உயர்ந்த சக்கரம் அதே குழியை எளிதில் தாண்டிவிடும். ஆகையால் மோட்டாருக்கும் அதுவே பொருந்துமென்று கருதுவது இயல்பே. ஆனால் இரண்டிற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மாட்டு வண்டியில் மாடு இழுப்பது வண்டியின் உடலை. சக்கரம் தானே உருளுகிறது. மோட்டாரில் எஞ்சின் திருப்புவது சக்கரத்தின் அச்சை. சக்கரம் திரும்பினால்தான் வண்டி நகரும்.

கிணற்றில் கைப்பிடியால் சுற்றும் உருளையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். கைப்பிடி அதே அளவில் இருக்க, கயிறு சுற்றும் உருளையை மட்டும் பருமனாக்கினால், ஒரு சுற்றுக்கு ஏறும் கயிறு மிகும். ஆனால் வாளி முன்னிலும் கனக்கும். சுற்றுகிறவன் கைதான் அதை அறியும். எஞ்சினின் நிலையும் அதுவே. டயரின் உயரம் எவ்வளவு கூடுகிறதோ, அதே பாரத்தை அதே கியரில் இழுப்பதற்கு அவ்வளவு கூடுதலான திருப்பு வலிமை வேண்டும். சமவெளியில் வெற்று வண்டி ஒரே வேகத்தில் ஓடும்போது இது தெரியாமல் போகலாம். எஞ்சின் சற்று மெதுவாகச் சுற்றுவதால் சிறிது நன்மையும் உண்டாகலாம். பாரத்துடன் ஏற்றம் ஏறும்போதோ, ஓட்டுகிறவர் முன்னிலும் விரைவில் கியரைக் குறைக்க நேரும். மிச்சமென்று எண்ணியது அங்கே செலவாகிவிடும்.

நஷ்டம் இத்துடன் நிற்பதில்லை. அகன்ற டயர் எடை மிகுந்தது. சக்கரத்தின் விளிம்பில் உள்ள எடையை முன்னோக்கியும் நகர்த்த வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஆதலால் வண்டி வேகமெடுக்கும்போது, விளிம்பில் கூடும் 1 கிலோ, தட்டில் ஏற்றிய ஏறக்குறைய 2 கிலோவுக்குச் சமமாகும். வேகத்தடையும் சந்திப்பும் நிறைந்த பாதையில் வண்டி நின்று நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் இச்செலவு உண்டு. சேற்றிற்கென்று ஆழமான பள்ளங்களுடன் செய்யப்பட்ட டயர்கள் தார்ச்சாலையில் உருளும்போது, பெரும்பாலும் சாதாரண டயரைவிட அதிகமாக நெளிந்து சூடேறுகின்றன. அச்சூடு டீசலிலிருந்தே வருகிறது. வண்டி உயர்ந்து நிற்பதாலும், டயர் பக்கவாட்டில் பிதுங்குவதாலும் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் இவ்வெதிர்ப்பு நான்கு மடங்காகும்.

இனி அளவைக் கவனிக்கலாம். டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்று அச்சிட்டிருந்தால், 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்பது. 15 என்பது உள்வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். கணக்கிட்டால் இந்த டயரின் முழு உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 பூட்டினால் உயரம் சுமார் 733 மில்லிமீட்டர் ஆகும். கூடியது 30 மில்லிமீட்டர் மட்டுமே. ஆயினும் அது நூற்றுக்கு நாலே கால் பங்கு. முன்பு 1 கிலோமீட்டருக்கு 452 சுற்று சுற்றிய சக்கரம் இப்பொழுது 434 சுற்றே சுற்றும்.

இதிலிருந்து ஒரு மயக்கம் பிறக்கிறது. வண்டியின் மீட்டர் சாலையை அளப்பதில்லை; சுற்றுகளையே எண்ணுகிறது. பெரிய டயர் பூட்டிய பின், மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 104 கிலோமீட்டருக்குச் சிறிது மேல் ஓடியிருக்கும். ஆகவே மீட்டரை மட்டும் நம்பிக் கணக்குப் பார்ப்பவருக்கு நஷ்டம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். அதைக் கேட்ட மற்றொருவர், “மீட்டர்தான் தவறு, டயரால் நஷ்டம் ஒன்றுமில்லை” என்பார். இருவர் கூற்றும் பாதி உண்மையே.

ஓர் உதாரணம் கொள்ளலாம். ஒரு வண்டி முன்பு 10 லிட்டர் டீசலில் 140 கிலோமீட்டர் ஓடியது என்றும், மேற்சொன்ன பெரிய டயர் பூட்டிய பின் அதே 10 லிட்டரில் மீட்டர் 125 கிலோமீட்டர் காட்டுகிறது என்றும் வைத்துக்கொண்டால், குறைவு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் என்று தோன்றும். மீட்டரின் பிழையைத் திருத்தினால் ஓடிய தூரம் சுமார் 130 கிலோமீட்டர். உண்மைக் குறைவு லிட்டருக்கு 1 கிலோமீட்டர். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது மாதத்திற்கு 5 லிட்டருக்கு மேல்; வருஷத்திற்கு ஏறக்குறைய 64 லிட்டர். இதைத் தம் ஊர் டீசல் விலையால் பெருக்கி, டயருக்கும் புதிய வட்டுக்கும் கொடுத்த விலையையும் கூட்டிப் பார்த்தால் பெருமையின் விலை விளங்கும். வாடகைக்கு ஓட்டுவோர் மீட்டர்படி கூலி பெற்றால், 100 கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர் கூலியின்றி ஓடுகின்றனர் என்பதையும் மறக்கலாகாது.

அதிக பாரம் தாங்கும் என்பதும் ஆராயத்தக்கது. டயரில் அச்சிட்டிருக்கும் பார அளவு அந்த டயருக்கு மட்டும் உரியது. வண்டியின் அச்சும், ஸ்பிரிங்கும், பிரேக்கும் பழையவையே. சக்கரம் உயர்ந்தால் எஞ்சினுக்கு நேர்ந்த சிரமம் பிரேக்கிற்கும் நேரும். அதே அழுத்தத்திற்கு வண்டி முன்போல் விரைவில் நிற்காது. பாரமும் உயரத்தில் அமைவதால் திருப்பங்களில் சாயும் அபாயம் மிகும். சட்டமும் கவனிக்கத்தக்கது. 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. சரக்கு வண்டிகளின் பதிவில் டயரின் அளவும் ஒரு விவரமாகும்.

பெரிய டயர் எங்கும் வேண்டாமென்பது கருத்தன்று. மணலிலும் சேற்றிலும் அகன்ற டயர் பாரத்தைப் பரப்பித் தாங்குகிறது. டிராக்டருக்கு உயர்ந்த பின்சக்கரம் இருப்பது இதனாலேயே. அதற்கேற்றவாறு அதன் கியர்களும் அமைக்கப்பட்டிருக்கின்றன. பிக்கப் வண்டிக்கும் உற்பத்தியாளரே ஒன்றுக்கு மேற்பட்ட அளவை அனுமதித்திருந்தால் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் வருஷத்தில் சில நாள் மட்டும் வயலோரம் செல்லும் வண்டிக்காக, மற்ற நாளெல்லாம் தார்ச்சாலையில் அதிக டீசல் எரிப்பது சிக்கனமாகாது. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது இங்கும் பொருந்தும்.

எண்ணெய் மிச்சப்பட வேண்டுமென்பவர் செய்யத்தக்கது செலவில்லாத வேறொன்று. டயரில் காற்று குறைந்தால் உருள்வது கடினமாகும். நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பவுண்டு காற்று குறைந்தால் நூற்றுக்குச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் வீணாகும் என்று அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை கணக்கிட்டிருக்கிறது. 10 பவுண்டு குறைந்திருந்தால் நூற்றுக்கு 2 பங்கு வீண் என்பது இதன் பொருள். உற்பத்தியாளர் குறித்த அளவில், பாரத்திற்கேற்றவாறு, டயர் குளிர்ந்திருக்கும் காலைவேளையில் காற்றைச் சோதித்தல் வேண்டும். டயர் மாற்ற எண்ணுவோர் அதற்கு முன் இரு தடவை டாங்கியை நிரப்பி, ஒரே பாதையில், ஒரே பாரத்துடன் ஓட்டி, மைல்கல்லைக் கொண்டு தூரத்தை அளந்து எழுதி வைக்கட்டும். மாற்றிய பின்பும் அவ்வாறே அளக்கட்டும். அப்பொழுது பிறர் சொல்லை நம்பவேண்டிய அவசியம் இராது.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. விவசாயி பெரிய டயரைத் தேடுவதற்கு முதற் காரணம் வயலுக்கும் ஊருக்கும் இடையிலுள்ள பாதையின் குழிகளே. ஓர் ஊரில் 20 வண்டிகளுக்கு 80 டயர் மாற்றும் செலவைவிட, அப்பாதையில் மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டி, கிராவல் கொட்டி, குழிகளை நிரப்பும் செலவால் விளையும் பயன் பெரிது. டயர் அதை வாங்கியவருக்கு மட்டும் உதவும். அதுவும் தேயும் வரையில்தான். பாதை, வண்டியில்லாத ஏழைக்கும், தலைச்சுமையாகக் கீரை கொண்டுசெல்லும் பெண்ணுக்கும், பள்ளிக்கு நடக்கும் சிறுவனுக்கும் உதவும். பருவமழைக்கு முன்னரே பாதையைச் செப்பனிட்டு, வண்டிக்குரிய டயரில் சரியான காற்றுடன் சரக்கு ஏற்றிச் செல்வதே உடையவருக்கும் ஊருக்கும் லாபம் தருவதாகும்.