நாவின் மேல் விழுந்த பழி

ரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில், "வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா?" என்று தீர்ப்புச் சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பெரும்பாலோர் விஷயத்தில் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயின் ஏறத்தாழ பத்து லட்சம் பேரில் ஒருவர் பிறவியிலேயே சுமந்துவரும் குறையையும் அத்தீர்ப்பு குற்றமாக்கிவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் குடலில் கைலோமைக்ரான் என்னும் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு, நிணநீர்க் குழாய் வழியே ரத்தத்தை அடைய, தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள தந்துகிகளின் சுவரில் காத்திருக்கும் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி அவற்றை உடைத்துவிடுவதால், சில மணி நேரத்தில் ரத்தம் தெளிந்துவிடுகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்றவருக்கோ அந்நொதி வேலை செய்வதில்லை. இரவெல்லாம் பட்டினி கிடந்தாலும் காலையில் எடுத்த ரத்தத்தின் மேல் ஆடை படிகிறது. 1960இல் ஹேவல், கார்டன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் ஒரே குடும்பத்து உடன்பிறந்தோரிடம் இந்நொதிக் குறையைக் கண்டு சொன்னார்கள். தாய்ப்பாலன்றி வேறு ருசி அறியாத சிசுவின் ரத்தமும் இந்நோயில் பால்போல் வெளுத்திருக்கக் கூடுமே, அதற்கு எந்த நாவைத் தண்டிப்பது?

பருத்த சரீரிகளுக்கே இது வரும் என்பதும் பிழை. மெலிந்தவர்களும், ரத்தத்தில் தேங்கும் இக்கொழுப்பு தூண்டிவிடும் கணைய அழற்சியால் துடித்து, குடிகாரர் என்ற அபவாதத்தையும் சுமக்கிறார்கள்.

"நல்ல எண்ணெயாகப் பார்த்து உண்ணலாமே" என்பாரும் உளர். நல்லெண்ணெயாயினும் ஆலிவ் எண்ணெயாயினும் கைலோமைக்ரானாகவே புறப்படுவதால், இவற்றுள் ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொள்வதில் பயனில்லை.

"பத்தியத்தால் குறைகிறதல்லவா, ஆகவே பத்தியமின்மையே காரணம்" என்பதுதான் இவற்றுள் வலுவான வாதம். பத்தியம் இன்றியமையாததே, நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் கொழுப்பு, அதாவது அரிசி, பருப்பு, பால் இவற்றில் மறைந்திருப்பதையும் சேர்த்து நான்கு தேக்கரண்டி எண்ணெய் அளவே அவர்களுக்கு உச்சவரம்பு. ஆனால் ஊன்றுகோல் நடக்க உதவுகிறது என்பதற்காக, அது இல்லாததால்தான் கால் ஊனமாயிற்று என்று யாரேனும் சொல்வாரா? காரணம் பத்தியமின்மை அன்று என்பதற்குச் சான்றும் உண்டு: கனடாவின் டொரண்டோ நகரில், இதே வகைக் குறையுள்ள ஒரு நோயாளிக்குப் பிறர் ரத்தம் ஏற்றப்பட்டபோது, கொழுப்பு வேகமாக வீழ்ந்தது. நொதியைத் தூண்டும் அபோ சி-2 என்ற புரதம் அவரிடம் இல்லை என்பதும், கொடையாளரின் ரத்தத்தோடு அதுவே அவருள் சென்றது என்பதும் 1978இல் வெளியாயின.