இறங்கும்போது எழுந்திருக்காதீங்க!

ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். இறங்குவதைப் பார்க்கிறவர்கள் வேறு ரகம்.

கிளம்புவதைப் பார்க்கத் தனித் தகுதி எதுவும் வேண்டாம். நெருப்பு, புகை, இரைச்சல் எல்லாம் உண்டு. தீபாவளி ராக்கெட்டைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு இதையும் பார்க்கத் தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவில் கொளுத்தினால், மேகம் மறைக்காத நாளில் சென்னை மொட்டை மாடியிலிருந்தே வடக்கே ஒரு வெளிச்சம் ஏறுவது தெரியும். கொடியில் துணி எடுக்க வந்த மாமிகூட இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, “போயிடுத்து” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்.

இறங்குவதைப் பார்க்கத்தான் தனிப் பைத்தியம் வேண்டும். ஏனென்றால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே கிடையாது! 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது, இஸ்ரோவின் யூடியூபில் மட்டும் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பார்த்தார்கள்? ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் ஊர்ந்து போகும் ஒரு புள்ளி. பக்கத்தில் உயரம், வேகம் என்று சில எண்கள். நடுநடுவே பெங்களூரு கட்டுப்பாட்டு அறை.

அந்த அறையைக் கவனித்தீர்களா? அப்படியே நம்ம ஆபீஸ். வரிசையாக மேஜை, மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர், கழுத்தில் அட்டை, எல்லோரும் ஸ்கிரீனையே முறைத்துக்கொண்டு. ஒரே ஒரு வித்தியாசம்... அந்த நேரத்தில் தங்களுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை என்பதை அவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்கள்!

நிஜமாகத்தான் சார். சாயங்காலம் 5.44-க்கு, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், லேண்டரிடமே பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் சுமார் 19 நிமிஷம் அது தானே பார்த்து, தானே கணக்குப் போட்டு, தானே பிரேக் போட்டு இறங்க வேண்டும். 30 கிலோமீட்டர் என்றால் நம்ம பாஷையில் ஏறத்தாழ பீச் டு தாம்பரம். அப்போது அதன் வேகம் விநாடிக்கு 1.68 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நம்ம எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓடினால், பீச்சில் ஏறி 18 விநாடியில் தாம்பரம். சீட் பிடிக்கத் துண்டு போடுவதற்குள் வீடு வந்துவிடும்! நிலாவில் காற்று கிடையாது. பாராசூட் விரித்துப் பிரயோஜனமில்லை. அவ்வளவு வேகத்தையும் இன்ஜினை எதிர்த்திசையில் எரித்தே குறைக்க வேண்டும்.

செவ்வாய் இன்னும் மோசம். அங்கே காற்று உண்டு. ஆனால் கடன்காரன் கொடுக்கிற வட்டி மாதிரி. எரித்துக் கருக்கும் அளவுக்கு இருக்கிறது, பிரேக் பிடிக்கும் அளவுக்கு இல்லை. அதனால் முதலில் வெப்பக் கவசம், அப்புறம் பாராசூட், கடைசியில் ராக்கெட் என்று மூன்றும் வேண்டும். 2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்சிவரன்ஸ் இறங்கியபோது நமக்கு நள்ளிரவு தாண்டி 2.25 மணி. அன்றைக்குச் செவ்வாயிலிருந்து செய்தி வந்து சேரவே 11 நிமிஷத்துக்கு மேல். இறங்குகிற நேரமோ 7 நிமிஷம். அதாவது, ‘உள்ளே நுழைகிறேன்’ என்ற சேதி பூமிக்கு வரும்போது, வண்டி அங்கே இறங்கியோ நொறுங்கியோ நாலு நிமிஷம் ஆகியிருக்கும். நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்த ஸ்வாதி மோகன் ‘இறங்கிவிட்டது’ என்று அறிவித்ததும் அந்த அறையே துள்ளியதே, அது பழைய செய்தி!

ஆக, பொறியாளர், மந்திரி, நான், நீங்கள் எல்லோரும் அந்த நேரத்தில் வேடிக்கை பார்ப்பவர்கள்தான். கை கட்டிப்போட்ட நிலைமை வந்தால் மனுஷன் என்ன செய்வான்? வேண்டிக்கொள்வான். நம்மவர்கள் ராக்கெட் கிளம்பும் முன் மாடலை எடுத்துக்கொண்டு திருப்பதி போவார்கள். ‘விஞ்ஞானி இப்படிச் செய்யலாமா’ என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒரு சேதி. கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபில், முக்கியமான நாட்களில் எல்லோரும் கடலை போடுவார்கள். (அந்தக் கடலை இல்லை, தம்பி. நிஜ வேர்க்கடலை!) நிலாவுக்கான ரேஞ்சர் வரிசையில் முதல் ஆறும் ஊற்றிக்கொண்டன. 1964-ல் ஏழாவதன்போது அறையில் யாரோ வேர்க்கடலை விநியோகம் செய்ய, அது ஜெயித்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை கடலை இல்லாமல் செவ்வாயில் இறங்குவதில்லை.

நம்ம லைனில் கடலைக்கா பஞ்சம்? அந்த ஆகஸ்ட் 23 புதன்கிழமை. ஆபீசில் அரை மணி பர்மிஷன் போட்டுவிட்டு, மாம்பலத்தில் தாம்பரம் வண்டி ஏறினேன். கூட்டம் வழக்கம் போலத்தான். ஆனால் வழக்கத்துக்கு விரோதமாக யாரும் சண்டை போடவில்லை. நாலு பேருக்கு ஒரு செல்போன் என்று தலைகள் கும்பல் கும்பலாகக் கவிழ்ந்திருந்தன. பரங்கிமலையில் மணி 5.44. “ஆரம்பிச்சுட்டாங்க” என்று ஒரு குரல்.

எனக்கு எதிரே கையில் டிபன் பேக்கோடு நின்ற இளைஞன் திடீரென்று மார்பு விரித்தான்.

“ப்ராஜெக்ட் டைரக்டர் எங்க சீனியர் சார்!”

“யாரு, வீரமுத்துவேலா? இஸ்ரோவுல இருக்கியாப்பா நீ?”

“இல்ல சார், தி.நகர்ல அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர். அவர் படிச்ச அதே வெஸ்ட் தாம்பரம் காலேஜ்ல நானும் படிச்சேன்.”

உறவு கொஞ்சம் தூரம்தான். ஆனாலும் உரிமை உரிமைதானே. வீரமுத்துவேலுக்கு ஊர் விழுப்புரம். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். ரயில்வே பள்ளிக்கூடம், அப்புறம் பாலிடெக்னிக் டிப்ளமா, அப்புறம் நம்ம மேற்குத் தாம்பரம் சாய்ராம் கல்லூரியில் மெக்கானிக்கல், திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. என்று ஏறினவர். ‘டிப்ளமாதானே’ என்று இழுத்துப் பேசுகிற உறவினர்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. அவர்கள் வாயை அடைக்க இந்த ஒரு பயோடேட்டா போதும்.

“எங்க ஊர் மண்ணுல இறக்கிப் பார்த்துட்டுத்தான் அனுப்பினாங்க, தெரியும்ல?” என்று ஜன்னலோரத்தில் இருந்து ஒரு நாமக்கல்காரர் பங்கு கேட்டார். அதுவும் உண்மைதான். சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போவதால், அதைப் பொடித்துக் கொண்டுபோய்த்தான் சோதனைக்கு நிலாத்தரை செய்தார்கள். முட்டை, லாரிக்கு அடுத்தபடியாக நாமக்கல்லின் ஏற்றுமதி நிலா மண்!

பல்லாவரம் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. பெரியவர் ஒருவர் மெள்ள, “போன தடவையும் இந்த இடத்துலதான்...” என்று ஆரம்பித்தார்.

“அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்கண்ணே!” என்று பத்துக் குரல் பாய்ந்தது.

பாயாமல் என்ன செய்யும்? நாலு நாள் முன்னால்தான் ரஷ்யாவின் லூனா-25 நிலாவில் மோதி நொறுங்கியிருந்தது. அதைவிட, அந்தப் பெட்டியில் இருந்த பாதிப் பேருக்கு 2019 செப்டம்பர் 7 ராத்திரி ஞாபகம் இருந்தது.

அன்றைக்குக் குரோம்பேட்டையில் ஒரு நண்பர் ரூமில் ஆறு பேர் முழித்திருந்து பார்த்தோம். மணி 1.38-க்கு சந்திரயான்-2 லேண்டர் இறங்க ஆரம்பித்தது. எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று புள்ளி கோட்டை விட்டு விலகியது. அப்புறம் புள்ளி நகரவே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். 2.1 கிலோமீட்டர் உயரம் வரை சரியாக இருந்தது, அதற்கப்புறம் தொடர்பு இல்லை என்று இஸ்ரோ தலைவர் சிவன் தழுதழுத்தார். ரூமில் ஒருத்தன், “அவ்ளோதான், படுங்கடா” என்று டி.வி.யை அணைத்தான். நாடே அணைத்துவிட்டுப் படுத்தது. காலையில் சிவன் அழுத படம் வந்தது. அதற்கும் உச்சுக் கொட்டிவிட்டு இட்லி சாப்பிட்டோம்.

எழுந்து போகாதவர்கள் சிலர் இருந்தார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயர், மதுரைக்காரர், பெயர் சண்முக சுப்பிரமணியன். இஸ்ரோவுக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. நம்மைப் போல ஒரு ரசிகர். லேண்டர் விழுந்த பகுதியை நிலாவைச் சுற்றும் நாசாவின் கலம் படம் எடுத்து, அதைப் பொதுவில் போட்டிருந்தது. இவர் ஆபீஸ் முடிந்து வந்து, விழுவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாகத் தேடினார். பழைய படத்தில் இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளி கிடைத்தது. நாசாவுக்கு எழுதிப் போட்டார். அவர்கள் சரிபார்த்து, டிசம்பரில் உலகத்துக்கே அறிவித்தார்கள். அவர் பெயரைச் சொல்லி, அவர் கண்டுபிடித்த துண்டுக்குப் படத்தில் ‘எஸ்’ என்று அடையாளமும் போட்டார்கள். ராத்திரி கண் முழித்த நம்ம ஊர் ஆபீஸ்காரர் ஒருவரின் இனிஷியல், நிலாப் படத்தில்!

இஸ்ரோவிலும் யாரும் டி.வி.யை அணைக்கவில்லை. விழுந்ததன் கணக்கைத் தோண்டினார்கள். ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளியிருந்தன. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. வண்டி சட்டென்று திரும்பிச் சரிசெய்ய வேண்டிய நேரத்தில், இவ்வளவு வேகத்துக்கு மேல் திரும்பாதே என்று மென்பொருளில் கட்டுப்பாடு. இறங்க ஒதுக்கிய இடமோ 500-க்கு 500 மீட்டர். அடுத்த தலைவர் சோமநாத் ஒரு வழி சொன்னார்: ஜெயிப்பதற்காக வடிவமைக்க வேண்டாம், தோற்பதற்காக வடிவமைப்போம். எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று பட்டியல் போட்டு, அது அத்தனையும் கெட்டாலும் இறங்க வேண்டும்! காலை பலப்படுத்தினார்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையில் மோதினாலும் தாங்கும். நடு இன்ஜினை எடுத்துவிட்டு நான்காக்கினார்கள். எரிபொருள் கூடுதல். வேகத்தை அளக்க லேசர் கருவி புதிது. இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர்.

இந்த நாலு வருஷக் கணக்குத்தான் அன்றைக்குப் பல்லாவரம் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

குரோம்பேட்டையில் வண்டி நின்றது. இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை. ஏற வேண்டியவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். வண்டி கிளம்பியது. எல்லோர் போனிலும் அதே புள்ளி, கோட்டின் மேலேயே.

திடீரென்று பெட்டியின் அந்தக் கோடியில், “ஹே...!” என்று ஒரு கூச்சல். எங்கள் போனில் புள்ளி இன்னும் தரையைத் தொடவில்லை! லைவ் என்று பெயர்தானே தவிர, ஒவ்வொரு போனுக்கும் சில விநாடி முன்னே பின்னே வந்து சேரும். அங்கே நிலாவில் இறங்கியாகிவிட்டது, இங்கே எங்களுக்கு இன்னும் கொஞ்ச உயரம் பாக்கி. “சொல்லாதீங்கப்பா, சொல்லாதீங்க!” என்று நாமக்கல்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அடுத்து நடுவில் ஒரு கூச்சல். அப்புறம் எங்கள் கூச்சல். கடைசியாக, சிக்னல் கிடைக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்த போன்காரர்கள், சானடோரியத்தில் தனியாக ஒரு தடவை கத்தினார்கள். இந்தியா நிலாவில் இறங்கியது 6.04-க்கு, ஒரே ஒரு தடவை. எங்கள் பெட்டியில் மட்டும் நாலு தடவை!

தி.நகர் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சீனியர் சார்... சீனியர்...” என்று அரற்றிக்கொண்டிருந்தான். கடலைக்காரர் தட்டில் மிச்சமிருந்ததைப் பொட்டலம் போடாமல் கையிலேயே அள்ளி அள்ளிக் கொடுத்தார். ‘போன தடவையும்’ பெரியவர்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டினார். அவரை அடக்கினது தப்பு. 2019-ஐ முழுசாக ஞாபகம் வைத்திருந்தவர் அவர்தான். அவ்வளவு சந்தோஷம் அவருக்குத்தான் பாக்கி இருந்தது.

இப்போது ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினம். நல்லதுதான். செப்டம்பர் 7-க்கு யாரும் விழா எடுக்கப் போவதில்லை. அது தெரிந்தே அந்தத் தேதியை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இஸ்ரோவுக்குச் செவ்வாயில் இறங்கும் எண்ணமும் இருக்கிறது. 2014 செப்டம்பர் 24-ல் மங்கள்யான் முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது உண்மை. ஆனால் சுற்றுவது வேறு, இறங்குவது வேறு. 1971-ல் சோவியத்தின் மார்ஸ்-3 அங்கே பத்திரமாக இறங்கி, சேதி அனுப்ப ஆரம்பித்த சில விநாடிகளில் ஊமையாகிவிட்டது.

ஆகவே, அந்த நாள் வரும்போது பர்மிஷனை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடலை கட்டாயம். இரண்டு பொட்டலமாக வாங்குங்கள். ஒன்று இறங்குவதற்கு முன்னால் கொறிக்க. இன்னொன்று, ஒருவேளை புள்ளி கோட்டை விட்டு விலகினால்... பக்கத்தில் இருப்பவன் டி.வி.யை அணைக்கப் போவான், அவன் கையில் கொடுத்து உட்கார வைக்க.